எட்டுக்கால் மருமகள் – 9: மல்லாந்து கிடந்த பவளம்

"சாப்பிட்டாளா?"

விடிந்ததும் விடியாததுமாக அந்த வீட்டில் எழும் முதல் கேள்வி இதுதான். கேட்பது கருத்தம்மாள். பல்கூட விளக்கியிருக்க மாட்டாள். கூடத்தை ஒட்டிய சின்ன அறை வாசலில் போய் நின்றுகொண்டு கேட்பாள்.

"இல்லத்தே. நேத்தும் தொடல" என்று உள்ளேயிருந்து சின்ன மருமகள் ரோஷினியின் குரல் வரும்.

"அடப் பாவமே! ஒரு வாய்கூடவா?"

அடுப்படியில் பால் பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்த மூத்த மருமகள் தங்கலட்சுமி, அதைக் கொஞ்சம் சத்தமாகவே மேடைமேல் வைத்தாள்.

சாப்பிடாமல் கிடந்தது வீட்டுப் பிள்ளை இல்லை. விரித்த உள்ளங்கை அளவுக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி. உடம்பெல்லாம் முடி, கிட்டப் போய்ப் பார்த்தால் அதில் லேசாக ஒரு சிவப்பு. அதனால் அதற்குப் பவளம் என்று பெயர்.

போன ஆனியில் ஜெயபாண்டிக்கு வாழ்க்கைப்பட்டு மதுரையிலிருந்து வந்த ரோஷினி, பீரோ கட்டில் சீரோடு, ஒரு கண்ணாடிப் பெட்டியையும் கையில் ஏந்திக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள். விலங்கியல் படித்தவள். கல்லூரி ஆராய்ச்சிக்கு வளர்த்த சிலந்தியாம். ஆராய்ச்சி முடிந்த பிறகும் விட்டுவிட்டு வர மனசில்லையாம். டாரண்டுலா என்றாள். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊரில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை.

தங்கலட்சுமி அன்றைக்கு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். இன்று இரவுக்குள் அத்தை இதைத் தூக்கி ரோட்டில் வீசுவாள், புதுப்பெண்ணின் மவுசு முதல் நாளே இறங்கிவிடும் என்று காத்திருந்தாள்.

கருத்தம்மாள் வீசவில்லை. பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். "ஆத்தாடி, எம்புட்டு அமைதியா இருக்கா!" என்றாள். அவ்வளவுதான். மறுநாளே தங்கலட்சுமியின் தையல் மெஷின் சின்ன அறையிலிருந்து வெளி வராந்தாவுக்குப் போனது. பவளத்துக்கு வெயில் படாத இடம் வேண்டுமாம்.

தீபாவளிக்குப் பிறகு பவளம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. கார்த்திகை போய், மார்கழி போய், தை போய், இப்போது மாசி.

"இது இப்படித்தான் இருக்கும் அத்தே. மாசக்கணக்குல சாப்பிடாம இருந்தாலும் ஒன்னும் ஆகாது" என்று ரோஷினி பலமுறை சொல்லியாகிவிட்டது. யார் காதிலும் ஏறவில்லை. 'நம்ம வீட்டுக்கு வந்த சீவன் பட்டினி கிடக்குதே' என்று கருத்தம்மாளுக்கு விசாரம் பிடித்துக்கொண்டது.

தங்கலட்சுமியால் பொறுக்க முடியாதது அந்த விசாரத்தைத்தான். போன வருஷம் டைபாய்டு வந்து வாயில் பச்சைத்தண்ணி இறங்காமல் அவள் படுத்திருந்தபோது இதே அத்தைதான், "பசிச்சாத் தன்னால எந்திரிச்சுத் திம்பா, விடுங்க" என்று சொல்லிவிட்டுக் களை வெட்டப் போனாள்.

அத்தையாவது போகட்டும். புருஷன் சங்கையா? ஞாபகப்படுத்தாமல் ஒரு முழம் பூ வாங்கி வந்ததில்லை அந்த மனுஷன். இப்போது பிளாஸ்டிக் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தரிசு முழுக்கக் குனிந்து குனிந்து வெட்டுக்கிளி பிடிக்கிறான். "பருத்திக்காட்டு வெட்டுக்கிளி வேணாம் பெரியத்தான், மருந்தடிச்சிருப்பாங்க" என்று ரோஷினி ஒரு தடவை சொன்னதற்கு, ஓடைக்கரை வரை போய்ப் பிடித்து வருகிறான்.

விருதுநகரில் ஹாஸ்டலில் படிக்கும் மகள்கூட, ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் எடுத்த எடுப்பில், "அம்மா, சித்திகிட்ட குடு. பவளம் சாப்பிட்டுச்சான்னு கேக்கணும்" என்கிறாள். நான் சாப்பிட்டேனா என்று ஒரு சனம் கேட்டதில்லை.

*

அன்று களத்தில் கொத்தமல்லி அடிப்பு. வேலையாட்களுக்கு மத்தியானச் சாப்பாடு வீட்டிலிருந்து போகவேண்டும். அது தங்கலட்சுமியின் பொறுப்பு.

வெயில் ஏறுவதற்குள் சங்கையாவும் கருத்தம்மாளும் ஜெயபாண்டியின் லோடு வண்டியில் ஏறிவிட்டார்கள். அப்போதுதான் ரோஷினி இளநீலச் சுடிதாரில், தோளில் பையோடு வெளியே வந்தாள்.

"அத்தே, அருப்புக்கோட்டையில என் பிரெண்டு வந்திருக்கா. பாத்துட்டு சாயங்காலம் வந்துருறேன்."

"போயிட்டு வாத்தா. வெயிலு சாஸ்தி, குடை எடுத்துக்க" என்றாள் கருத்தம்மாள்.

தங்கலட்சுமி கையில் கரண்டியோடு வாசலில் நின்று இதைக் கேட்டாள். காரியாபட்டியில் தன் சித்தி மகள் வளைகாப்புக்கு ஒரு நாள் போய்வர, அவள் எத்தனை நாள் முன்னால் இருந்து அத்தை முகம் பார்த்துப் பேச்செடுக்க வேண்டியிருந்தது! இவளுக்கு ஒரு வார்த்தை. அதுவும் குடையோடு.

போகிற போக்கில் ரோஷினி அவள் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, பவளத்துக்கு எதுவும் போட்டுறாதீங்க. வயிறு கறுத்துப்போய் இருக்கு. தோலு உரிக்கப் போகுதுன்னு நினைக்கிறேன். அந்த நேரத்துல பெட்டிக்குள்ள உசுரோட ஒரு பூச்சிகூட இருக்கக் கூடாது."

தங்கலட்சுமிக்கு நெஞ்சு திக்கென்றது. முகத்தை மாற்றிக்கொள்ளாமல், "நான் எதுக்கு அந்தப் பக்கம் போகப்போறேன்? எனக்கு ஆளுகளுக்கு ஆக்கிப் போடவே நேரம் காணாது" என்றாள்.

ரோஷினி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். தங்கலட்சுமி திரும்பிச் சின்ன அறையைப் பார்த்தாள்.

ஒரு வெட்டுக்கிளி நேற்று சாயங்காலமே உள்ளே போய்விட்டது. போட்டது அவள்தான்.

கெட்ட எண்ணத்தில் போடவில்லை. நேற்று, "சின்னவ கையால போட்டாத்தான் அது திங்கும். மத்தவுக கை அதுக்கு ஆகாது" என்று அத்தை யாரிடமோ பெருமையடித்துக்கொண்டிருந்தாள். அது காதில் விழுந்து மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. பதினைந்து வருஷமாக இந்த வீட்டில் எல்லார் வயிற்றுக்கும் போட்ட கை இது. இந்தக் கை ஆகாதா? விளக்கு வைக்கிற நேரத்தில், புருஷன் பாட்டிலில் பிடித்து வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து, மூடியை விரலளவு திறந்து உள்ளே தட்டிவிட்டாள். காலையில் வெட்டுக்கிளி காணாமல் போயிருக்கும், 'நான்தான் போட்டேன்' என்று எல்லார் முன்னாலும் சொல்லலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

காலையிலும் பவளம் சாப்பிடவில்லை. வெட்டுக்கிளி பெட்டி மூலையில் இருந்த மரப்பட்டைக்கு அடியில் பதுங்கியிருக்கவேண்டும். அது ரோஷினியின் கண்ணிலும் படவில்லை.

'கெடக்குது போ' என்று அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். வெங்காயம் உரித்தாள். மனசு நிலைகொள்ளவில்லை. அடுப்பைச் சிறிதாக வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள்.

பவளம் மல்லாந்து கிடந்தது.

எட்டுக் காலும் மேலே பார்க்க, வயிறு மேலே தெரிய, அசைவில்லாமல் கிடந்தது.

அவள் மனசில் முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? செத்தது சனியன், தையல் மெஷின் உள்ளே வரலாம், அத்தை மறுபடி பழையபடி ஆடு மாட்டைப் பற்றிப் பேசுவாள், புருஷன் வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பான்.

அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சுக்குமேல் நிற்கவில்லை. பயம் வந்து பிடித்துக்கொண்டது. வீட்டில் இருந்தது யார்? அவள் மட்டும். அந்தப் பூச்சி ஆகாது என்று வாய்க்கு வாய் சொன்னது யார்? அவள்தான். போதாக்குறைக்கு அந்த வெட்டுக்கிளி பட்டையை விட்டு வெளியே வந்து, பவளத்தின் ஒரு காலருகே உட்கார்ந்து மீசையால் துழாவிக்கொண்டிருந்தது.

முறத்தில் அள்ளிக்கொண்டு போய்க் கருவேலங்காட்டில் போட்டுவிடலாம். 'செத்துப்போச்சு, நாறும்னு புதைச்சுட்டேன்' என்று சொல்லிவிடலாம். வெட்டுக்கிளியையும் விரட்டிவிட்டால் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது.

முறத்தை எடுத்து வந்து மூடியைத் திறந்தும்விட்டாள். குனிந்தபோதுதான் ஒரு காலின் நுனி மெல்ல மடங்கி நீண்டது.

தங்கலட்சுமி முறத்தைக் கீழே போட்டாள். போனை எடுத்து ரோஷினிக்கு அடித்தாள்.

"அக்கா?"

"ஏய்... ஒம் பூச்சி... மல்லாக்கக் கெடக்கு. செத்துப்போச்சுன்னு நினைச்சேன். கால் அசையுது."

ரோஷினியின் குரல் துள்ளிக்கொண்டு வந்தது. "அக்கா, அது சாகல! செத்தா காலெல்லாம் வயித்துக்கடியில சுருண்டுபோயிரும். மல்லாந்து கிடந்தா தோலு உரிக்குதுன்னு அர்த்தம். தொடாதீங்க, பெட்டியை அசைக்காதீங்க. உடம்பு இப்ப வெண்ணெய் மாதிரி இருக்கும். நம்ம விரல் பட்டாக்கூடப் பிஞ்சுரும்."

"சரி."

"உள்ள பூச்சி எதுவும் இல்லேல்ல? இருந்தா அதையே கடிச்சுத் தின்னுரும் அக்கா. இந்த நேரத்துல அதால திருப்பி ஒன்னும் செய்ய முடியாது."

தங்கலட்சுமி உதட்டைக் கடித்துக்கொண்டாள். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடலாம். மற்றதை வெட்டுக்கிளி பார்த்துக்கொள்ளும். அவள் கையில் ரத்தம்கூடப் படாது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கு" என்றாள் தங்கலட்சுமி. "ஒரு வெட்டுக்கிளி இருக்கு."

எப்படி வந்தது என்று ரோஷினி கேட்கவில்லை.

"மேசை டிராயர்ல இடுக்கி மாதிரி நீளமா ஒரு சாமணம் இருக்கும். அதால மெதுவா எடுத்துருங்க. பவளம் மேல மட்டும் படாமப் பாத்துக்கங்க அக்கா... ப்ளீஸ்."

அந்த நேரம் போனில் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் உரக்கக் கேட்டது. "காரியாபட்டி! காரியாபட்டி எறங்குறவுக முன்னால வாங்க!"

சட்டென்று சிக்னல் போய்விட்டது.

காரியாபட்டியா? அருப்புக்கோட்டை போகிறேன் என்றவள், அதைத் தாண்டி மதுரை ரோட்டில் எதற்குப் போகிறாள்?

யோசிக்க நேரமில்லை. வெட்டுக்கிளி இப்போது பவளத்தின் இரண்டு கால்களுக்கு நடுவே புகுந்திருந்தது. பவளத்தின் முன்பக்கத் தோல் லேசாக வெடித்து, உள்ளே வெளிறிய புதுச்சதை தெரிந்தது. வெட்டுக்கிளி அதை நோக்கி நகர்ந்தது. சாமணத்தை உள்ளே விட்டாள். இடம் பற்றவில்லை. கொஞ்சம் சாய்த்தால் அந்த இரும்பு முனை பவளத்தின் வயிற்றில் குத்தும்.

சாமணத்தை வைத்துவிட்டு, வெறுங்கையை உள்ளே விட்டாள்.

எட்டு மாதமாக அந்தப் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளியே நடந்தவள் அவள். இப்போது முடி அடர்ந்த இரண்டு கால்களுக்கு நடுவே அவள் விரல் போனது. உடம்பு முழுக்கப் புல்லரித்தது. கண்ணை மூடவும் முடியாது. வெட்டுக்கிளி தாவினால் எல்லாம் முடிந்தது. தலையையும் முதுகையும் ஒரே பிடியாக இரண்டு விரலால் அழுத்தி, மூச்சுவிடாமல் நேராக மேலே தூக்கினாள்.

வெளியே வந்ததும் அதை ஜன்னல் வழியாக விட்டெறிந்துவிட்டுச் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

எழுந்து அடுப்படிக்குப் போயிருக்கலாம். போகத் தோன்றவில்லை.

*

"மதினி! சோறு ஆச்சா?"

வாசலில் லோடு வண்டி நின்றது. ஜெயபாண்டி கூடத்துக்குள் வந்துவிட்டான். தங்கலட்சுமி பாய்ந்து போய் வழியை மறித்தாள்.

"மெதுவாப் பேசு! குழம்பு இன்னும் கூட்டல. போயிட்டுக் கொஞ்சம் கழிச்சு வா."

ஜெயபாண்டி அவளை மேலும் கீழும் பார்த்தான். "என்ன மதினி? ஆளுக பசியோட உக்காந்திருக்காக. நீங்க வந்த நாள்லருந்து சோறு லேட்டானதே கிடையாதே. ஒடம்புக்கு முடியலையா?"

அந்தக் கடைசிக் கேள்வி அவளை என்னவோ செய்தது. "எனக்கு ஒன்னுமில்ல. பவளம் தோலு உரிக்குது. சத்தம் போடாமப் போ."

சொல்லியிருக்கக் கூடாது. அவன் முகம் பூவாக மலர்ந்தது. "நிசமாவா? ரோஷினிக்குத் தெரியுமா? அவ எம்புட்டு சந்தோஷப்படுவா!" என்று குசுகுசுத்துக்கொண்டே, கால் விரலில் நடந்து வெளியே போனான்.

ஒரு பூச்சிக்காகக் கால் விரலில் நடக்கிறான். அண்ணன் பெண்டாட்டி இவள் டைபாய்டில் கிடந்தபோது இதே கூடத்தில் டி.வி. அலறிக்கொண்டிருந்தது.

மனசு எரிந்தது. எரிந்தபடியே திரும்பிப் போய்ப் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள்.

நனைந்து உடம்போடு ஒட்டிப்போன ஜாக்கெட்டைக் கழற்ற ஒரு பெண் எப்படிப் பாடுபடுவாளோ அப்படித்தான் இருந்தது அது. பவளம் ஒரு காலை உள்ளிருந்து கொஞ்சம் இழுக்கும். நிறுத்தும். களைத்துப்போனது மாதிரி கிடக்கும். மறுபடி இழுக்கும். உதவிக்கு யாருமில்லை. கத்தவும் தெரியாது. ஒவ்வொரு காலாக வெளியே வந்தது. தங்கலட்சுமி தன்னையறியாமல் தன் புடவை முந்தியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பெட்டிக்குள் இரண்டு பவளம் கிடந்தது. ஒன்று வெறும் கூடு. இன்னொன்று ஈரமாக, பளபளவென்று, பேருக்கேற்ற சிவப்போடு.

"ஏய், வந்துட்டியா" என்றாள் தங்கலட்சுமி. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

அன்று குழம்பு கூட்டவில்லை. வெறும் ரசமும் துவையலும்தான் களத்துக்குப் போனது. போனில் கருத்தம்மாள் வாங்கு வாங்கென்று வாங்கினாள். தங்கலட்சுமி போனைக் காதில் வைத்தபடியே கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். மணிக்கட்டு முழுக்கத் தடித்து அரித்துக்கொண்டிருந்தது. பவளத்தின் முடி பட்டால் அப்படித்தான் அரிக்கும் என்று ரோஷினி முன்பே சொல்லியிருந்தாள்.

*

சாயங்காலம் வீடே சின்ன அறையில் கூடிவிட்டது.

ரோஷினி உரித்துப்போட்ட கூட்டைச் சாமணத்தால் எடுத்துச் சங்கையாவின் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு, "ஏலே பாண்டி, போட்டோ எடுலே, போட்டோ எடு! மகளுக்கு அனுப்பணும்" என்று பரபரத்தான்.

"இதுக்குத்தான் இத்தன மாசம் வாயக் கட்டிக்கிட்டு இருந்தியா என் தங்கம்!" என்று கருத்தம்மாள் பெட்டியைப் பார்த்துக் கொஞ்சினாள். பிறகு ரோஷினியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "எல்லாம் ஒன் கைராசிடி."

தங்கலட்சுமி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். இப்போது சொல்லுவாள், வெட்டுக்கிளி விஷயம் இப்போது வரும் என்று காத்திருந்தாள். சொல்லட்டும். வந்தால் எதிர்த்துப் பேசவும் தயாராக இருந்தாள். உன் பூச்சிக்காக என் மெஷினை வெளியே போட்டீர்களே என்று எல்லாவற்றையும் கொட்டிவிட வாய் துடித்தது.

"நான் ஊர்லயே இல்லையே அத்தே" என்றாள் ரோஷினி. "அக்காதான் பக்கத்துலயே இருந்து பாத்தாங்க. நான்தான் போன்ல இருக்கச் சொன்னேன். அதான் சமையல் லேட்டாயிருச்சு. அவங்கள ஏசாதீங்க."

"அவ என்னத்தப் பாத்தா! நீ சொன்ன, அவ செஞ்சா" என்று கருத்தம்மாள் ஒரே வீச்சில் தள்ளிவிட்டாள். பிறகு தங்கலட்சுமியின் மணிக்கட்டைப் பார்த்து, "இது என்னத்தா கையில, இப்பிடித் தடிச்சிருக்கு?" என்றாள்.

"பெட்டியத் தொடைச்சிருப்பாங்க. முடி பட்டிருக்கும்" என்றாள் ரோஷினி, தங்கலட்சுமி வாய் திறப்பதற்கு முன்பே. "எங்கிட்ட மருந்து இருக்குக்கா, போட்டு விடுறேன்."

தங்கலட்சுமி கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காட்டிக்கொடுத்திருந்தால் அவளை மனசார வெறுத்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டாள். மாமியார், புருஷன், பெற்ற பெண் எல்லாரையும் எடுத்துக்கொண்டாள். மிச்சமிருந்தது, நல்லவள் என்கிற பேர். அதையும் இன்று எடுத்துக்கொண்டாள்.

மருந்தோடு ரோஷினி பின்னாலேயே வந்தாள். கேட்காமலே கையைப் பிடித்துத் தடவ ஆரம்பித்தாள். அடுப்பில் குழம்பு கொதித்தது.

"ஏன் அவுககிட்ட சொல்லல?" தங்கலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "நான்தான் உள்ள போட்டேன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"பெறகு?"

"நீங்களே எடுத்தும் விட்டீங்களே அக்கா. பொய் சொல்லியிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? பவளம் செத்திருக்கும். 'தோலு உரிக்கையில போயிருச்சு'ன்னு நானே எல்லாருக்கும் சொல்லியிருப்பேன்."

தங்கலட்சுமி கையை இழுத்துக்கொண்டாள். இந்தப் பேச்சை மாற்ற வேண்டும். அவள் கையில் இன்னொரு துருப்பு இருந்தது.

"நீ பொய் சொல்லலையாக்கும்? அருப்புக்கோட்டைன்னு சொல்லிட்டு மதுரைக்கா போன? கண்டக்டரு காரியாபட்டின்னு கத்துனது எங்காதுல விழுந்துச்சு."

ரோஷினி மருந்துக் குப்பியை மூடினாள். வெளியே பார்த்தாள். கூடத்தில் அண்ணனும் தம்பியும் போட்டோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாக்கா" என்றாள் தணிந்த குரலில். "கோயம்புத்தூர்ல ஒரு ஆராய்ச்சி வேலை. மதுரையில நேர்ல வரச் சொல்லியிருந்தாங்க. என்னைய எடுத்துக்கிட்டாங்க. சித்திரையில போய்ச் சேரணும். அங்கேயே தங்கி வேலை பாக்கணும்."

"ஜெயபாண்டிக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல. கிடைக்குமா கிடைக்காதான்னு தெரியாம என்னத்தச் சொல்ல? அவுகளுக்கு இங்க வண்டி இருக்கு, காடு இருக்கு. வருவாகளான்னு தெரியல. வரலைன்னாலும் நான் போகணும் அக்கா."

போகப்போகிறாள்.

எட்டு மாதமாகத் தங்கலட்சுமி எந்தச் சாமியிடம் கேட்கவில்லை இதை! வீடு மறுபடி தன்னுடையது. அவள் நெஞ்சுக்குள் கைவிட்டுச் சந்தோஷத்தைத் தேடினாள். அகப்படவில்லை.

அகப்பட்டது வேறொன்று. கல்யாணமான புதிதில் அவளுக்கும் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நர்ஸ் படிப்பு முடித்தவள். "நம்ம வீட்டுப் பொம்பள ராத்திரி டூட்டி பாக்கவா?" என்று அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். சங்கையா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். தங்கலட்சுமியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரலைன்னாலும் நான் போகணும் என்று சொல்ல அன்றைக்கு அவளுக்கு நாக்கு எழவில்லை.

இவளுக்கு எழுகிறது. வெங்காயம் வாங்கப் போகிறேன் என்பது போலச் சொல்கிறாள்.

மாமியாரின் கொஞ்சலும் புருஷனின் வெட்டுக்கிளியும் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. இதுதான் பொறாமை. இத்தனை நாள் பட்டதெல்லாம் சும்மா.

"ஒரு உதவி அக்கா" என்றாள் ரோஷினி. "நானே நல்ல நேரம் பாத்து அவுககிட்டச் சொல்றேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம். பவளத்தை நீங்கதான் பாத்துக்கணும். உங்க கையிலதான் விட்டுட்டுப் போவேன்."

தங்கலட்சுமி பதில் சொல்வதற்குள் அடுப்படி வாசலில் நிழல் விழுந்தது. ஜெயபாண்டி. பின்னாலேயே கருத்தம்மாளும் வந்துகொண்டிருந்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் இப்பிடி ரகசியம் பேசுறீங்க? அதிசயமா இருக்கே!" என்று சிரித்தான் அவன். "ரோஷினி, கேளு. நம்மளுக்கு மாடியில ஒரு ரூமு எடுக்கலாம்னு அண்ணன் சொல்லுது. பவளத்துக்குத் தனி ஜன்னல் வச்சு. வர்ற சித்திரையில வேலைய ஆரம்பிச்சுரலாம்."

ரோஷினி தங்கலட்சுமியைப் பார்த்தாள். சொல்லிவிடாதீர்கள் என்று அந்தக் கண் கெஞ்சியது. சற்றுமுன் இவளுக்காகப் பொய் சொல்லிக் காப்பாற்றியவளின் கண்.

"சித்திரையிலயா?" என்றாள் தங்கலட்சுமி. குரல் தெளிவாக வந்தது. "கொத்தனாரக் கூப்பிடுறதுக்கு முன்னாடி ஒம் பொண்டாட்டியக் கேளு பாண்டி. அவ ஒனக்கு ஒன்னு சொல்லணுமாம்."

சொல்லிவிட்டாள். கொடுத்துவைத்தவள் மேல் இருந்த ஆத்திரத்தில் சொன்னாளா, தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இவளும் தன்னைப் போல வாயடைத்துப் போய்விடக் கூடாது என்று சொன்னாளா, அது அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் நாக்கில் வந்திருக்க வேண்டும்.

ஜெயபாண்டியின் சிரிப்பு பாதியில் நின்றது. "என்ன ரோஷினி?"

"என்னத்தா சங்கதி?" என்று கருத்தம்மாள் மகனை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

ரோஷினி தங்கலட்சுமியை விட்டுக் கண்ணை எடுத்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்ததா என்று தங்கலட்சுமியால் படிக்க முடியவில்லை. ரோஷினி எட்டிக் குழம்பு அடுப்பை அணைத்தாள்.

"கூடத்துல போய் உக்காருங்க அத்தே" என்றாள். "பெரியத்தானையும் கூப்பிடுங்க. எல்லாரும் இருக்கும்போதே சொல்லிருறேன்."